புதிய பட்டப்படிப்பு தொடங்கச் சொல்லிவிட்டார்களா? வணிகத் திட்டத்தை எழுதும் முறை

கோலாலம்பூரில் தனியார் பல்கலைக்கழகங்களில் வேலை பார்க்கும் நம் விரிவுரையாளர்களுக்கு இந்தப் பொறுப்பு அநேகமாக ஒரே மாதிரிதான் வந்து சேர்கிறது. முனைவர் பட்டம் முடித்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். பாடம் நடத்துவது கைக்குப் பழகியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் டீன் கூப்பிட்டு, "பல்கலைக்கழக வியூகத் திட்டத்துல ஒரு புது டிகிரி இருக்கு. நீங்கதான் ஒருங்கிணைப்பாளர். அடுத்த செனட்டுக்குள்ள பிசினஸ் பிளான் போட்டுடுங்க" என்பார். பாடத்திட்டம் எழுதத் தெரிந்த நமக்கு வரவு செலவு எழுத யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

எனக்கு வந்தது வணிகத் தரவுப் பகுப்பாய்வில் ஒரு இளங்கலைப் பட்டம். வணிகத் திட்டத் தாள் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறை நிறைவேறியபோது 14 மாதம் ஓடிவிட்டது. அந்த 14 மாதத்தில் பாதியை மிச்சப்படுத்தியிருக்கலாம் என்று இப்போது தெரிகிறது. நீங்களாவது அதை மிச்சப்படுத்த வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. உங்கள் பல்கலைக்கழகம் எந்த வகை என்று முதலில் கேளுங்கள்

பாதை இதைப் பொறுத்தே அமையும். சாதாரணத் தனியார் கழகம் என்றால் இரண்டு வாசல்களைக் கடக்க வேண்டும். மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.யிடம் தற்காலிக அங்கீகாரம் பெறுவது ஒன்று. 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விக் கழகச் சட்டம், அதாவது சட்டம் 555, அதன் 38ஆவது பிரிவின்படி உயர்கல்வி அமைச்சிடம் படிப்பை நடத்த அனுமதி பெறுவது மற்றொன்று. எம்.கியூ.ஏ. சைபர்ஜெயாவில் இருக்கிறது, அமைச்சு புத்ராஜெயாவில். ஒன்றின் கடிதம் கையில் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இரண்டும் வந்த பிறகுதான் மாணவரைச் சேர்க்கலாம்.

சுய அங்கீகாரத் தகுதி பெற்ற பல்கலைக்கழகம் என்றால் மதிப்பீடு உள்ளேயே நடக்கும், உங்கள் தர உறுதிப் பிரிவுதான் எம்.கியூ.ஏ.யின் இடத்தில் நிற்கும். அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் பாதையே வேறு, அதை இங்கே தொடவில்லை.

பொறியியல், தாதிமை, மருத்துவம், மருந்தியல் போன்ற தொழில்முறைப் படிப்பாக இருந்தால் அந்தந்த வாரியமும் உள்ளே வரும். சுய அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகமும் இதிலிருந்து தப்ப முடியாது. அப்படிப்பட்ட படிப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், நான் கீழே சொல்லும் காலக்கணக்கோடு இன்னும் சில மாதங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. பெயர், துறைக் குறியீடு: நான் நாலு மாதம் தொலைத்த இடம்

படிப்பின் பெயரை விளம்பரத்துக்கு எடுப்பாக இருக்கும்படி வைத்துவிட்டு, பிறகு பாடங்களை நிரப்புவது பெரிய தவறு. ஒவ்வொரு படிப்பும் தேசியக் கல்விக் குறியீட்டில் ஒரு துறையின் கீழ் உட்கார வேண்டும். இப்போது நடப்பில் இருப்பது 2020 பதிப்பு. எந்தத் துறையோ அந்தத் துறையின் தரநிலை உங்களைக் கட்டுப்படுத்தும்: எந்தப் பாடம் எவ்வளவு, விரிவுரையாளருக்கு என்ன தகுதி, எத்தனை மாணவருக்கு ஒருவர், எல்லாமே.

என் படிப்பை நான் வணிகத் துறையின் கீழ் எழுதினேன். பாடப் பட்டியலில் பாதிக்கு மேல் கணினித் துறைப் பாடங்கள். உள் மதிப்பீட்டாளர் ஒருவர் பட்டியலைப் பார்த்து, "இது எந்தத் துறைப் படிப்பு?" என்று மட்டும்தான் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. துறை மாறினால் வேலைக்கு எடுக்க வேண்டிய ஆட்கள் மாறுவார்கள், ஆட்கள் மாறினால் சம்பளம் மாறும், அதோடு வணிகத் திட்டத்தின் கணக்கு முழுவதும் மாறும். நாலு மாதம் போனது இப்படித்தான்.

பெயரில் வரும் சின்னச் சொற்களையும் கவனியுங்கள். 'சர்ஜானா மூடா' (இளங்கலை) என்று தொடங்கும் மலாய்ப் பெயரில் இரண்டு துறைகளுக்கு நடுவே 'டான்' (மற்றும்) என்று போட்டால் இரண்டும் சரிபாதி. 'டெங்கான்' (உடன்) என்று போட்டால் பின்னால் வருவது துணைத்துறை. இதைச் சந்தைப்படுத்தும் பிரிவின் விருப்பத்துக்கு விட்டுவிடாதீர்கள். தர உறுதிப் பிரிவில் யாராவது ஒருவரோடு உட்கார்ந்து, பாடப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பெயரை முடிவு செய்யுங்கள். ஒரு மதியம் போதும்.

3. தேவை இருக்கிறது என்பதற்கு ஆதாரம்

"தரவுத் துறைக்கு எதிர்காலம் உண்டு" என்பது ஆதாரமாகாது. குழுவில் இருப்பவர்கள் கேட்பது இதைத்தான்: இங்கே, இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில், இந்தப் பட்டம் பெற்றவரை யார் வேலைக்கு எடுப்பார்கள்? இதே பட்டத்தை ஏற்கனவே எத்தனை பேர் விற்கிறார்கள்?

முதல் கேள்விக்கு, அரசின் திறனாளர் அமைப்பான டேலன்ட்கோர்ப் வெளியிடும் முக்கியத் தொழில்களின் பட்டியலில் உங்கள் துறை இருக்கிறதா என்று பாருங்கள். அமைச்சின் பட்டதாரிகள் தடமறியும் ஆய்விலிருந்து அதே துறைப் பட்டதாரிகளின் வேலை நிலையை எடுங்கள். பிறகு முதலாளிகளிடம் ஆதரவுக் கடிதம் வாங்குங்கள். கடிதத்தில் "இம்முயற்சியை வரவேற்கிறோம்" என்று மட்டும் இருந்தால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. வருடத்துக்கு எத்தனை மாணவருக்குப் பயிற்சி இடம் தருவார்கள், எந்தப் பாடத்துக்கு ஆள் அனுப்புவார்கள் என்று எழுதி வாங்குங்கள். நான் 11 கடிதங்கள் வாங்கினேன். குழு மதித்தது அவற்றில் மூன்றை மட்டும்தான். அந்த மூன்றிலும் எண் இருந்தது.

இரண்டாவது கேள்விக்கு எம்.கியூ.ஏ.யின் தகுதிப் பதிவேடு இருக்கிறது. யாரும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். உங்கள் படிப்பை ஒத்த பெயர்களை எல்லாம் எடுத்து, கட்டணம், கிரெடிட் (பாட அளவு), இருக்கும் இடம் என்று ஒரு பக்க அட்டவணையாகப் போடுங்கள். பெட்டாலிங் ஜெயாவிலும் சுபாங்கிலும் அதே பட்டம் நாலு இடத்தில் ஓடுகிறது என்றால் அதை மறைக்க வேண்டாம். நாம் மறைத்தால் குழுவில் ஒருவர் கைப்பேசியிலேயே தேடிக் கண்டுபிடித்துவிடுவார்.

4. மாணவர் எண்ணிக்கை: தாளின் உயிர் இங்கேதான்

என் முதல் தாளில் ஆண்டுக்கு 30 மாணவர் என்று போட்டிருந்தேன். நிதிப் பிரிவில் மூத்த அக்கா ஒருவர், பல வருடமாக இந்தத் தாள்களைப் படித்துப் படித்துப் பழகியவர், என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, 30 பேர்னு போட்டிருக்கீங்க. இந்த 30 பேர் யாரு? எங்கேர்ந்து வராங்க?"

"மார்க்கெட்டிங்ல சொன்னாங்க அக்கா."

"மார்க்கெட்டிங் எல்லாத் தாளுக்கும் 30தான் சொல்லுவாங்க. நம்ம பவுண்டேஷன் பிள்ளைங்க எத்தனை பேரு? டிப்ளமா முடிச்சு வர்றவங்க எத்தனை பேரு? வெளியிலேர்ந்து எத்தனை? தனித்தனியா எழுதிட்டு வாங்க. ரெண்டாம் வருஷத்துல எத்தனை பேரு மிஞ்சுவாங்கன்னும் எழுதுங்க."

அந்தக் கேள்விகளை அப்படியே நான்கு வரியாகப் பிரித்து உங்கள் தாளில் போடுங்கள்.

முதல் வரி, பட்டப்படிப்புக்கு முந்தைய சொந்தப் பவுண்டேஷன் வகுப்பிலிருந்து வருபவர்கள். கடந்த மூன்று ஆண்டுக்கான எண்ணிக்கையைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால் கிடைக்கும். இவர்களில் சிலர் உங்கள் பல்கலைக்கழகத்திலேயே இருக்கும் வேறு படிப்பிலிருந்து இழுக்கப்படுபவர்கள். அப்படி வருபவரைப் புதிய வருமானமாகக் காட்டாதீர்கள், பல்கலைக்கழகத்துக்கு அதனால் ஒரு காசும் கூடுவதில்லை. இரண்டாம் வரி, டிப்ளமா முடித்து கிரெடிட் மாற்றத்தோடு வருபவர்கள். இவர்கள் மூன்று ஆண்டும் கட்டணம் கட்ட மாட்டார்கள் என்பதை மறக்க வேண்டாம். மூன்றாம் வரி, எஸ்.டி.பி.எம். என்னும் ஆறாம் படிவத் தேர்வு முடித்தும் பிற கழகங்களிலிருந்தும் வருபவர்கள். நான்காம் வரி, வெளிநாட்டு மாணவர்.

வெளிநாட்டு மாணவரைக் கணக்கில் சேர்க்கும் முன் இரண்டு விஷயம். அவர்களைச் சேர்க்க உள்துறை அமைச்சின் அனுமதி உங்கள் கழகத்துக்கு இருக்க வேண்டும், விசா வேலை, வெளிநாட்டு மாணவர் விசாவைக் கவனிக்கும் இ.எம்.ஜி.எஸ். அமைப்பின் வழியாகப் போகும். அடுத்தது வரி. 2025 ஜூலை 1 முதல் தனியார் உயர்கல்வியில் மலேசியர் அல்லாத மாணவரின் கட்டணத்துக்கு 6 விழுக்காடு சேவை வரி உண்டு. நீங்கள் எழுதும் கட்டணம் வரியைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று தாளில் தெளிவாக இருக்க வேண்டும்.

பிறகு, பாதியில் விடுபவர்கள். இதை எழுத மனம் வராது, நம் படிப்பை நாமே குறை சொல்வது போல இருக்கும். ஆனால் வீட்டுப் பொருளாதாரம் சரிந்து போகிறவர்கள், வேலை கிடைத்துப் போகிறவர்கள், கணிதப் பாடத்தில் தோற்றுப் போகிறவர்கள் எல்லாப் படிப்பிலும் உண்டு. உங்கள் புலத்தில் ஏற்கனவே ஓடும் படிப்புகளின் விகிதத்தை எடுத்து அப்படியே பயன்படுத்துங்கள்.

5. செலவு: நாம் மறக்கிற வரிகள்

சம்பளத்தை எல்லாரும் எழுதுவோம். சம்பளத்தின் மேல் வருவதைத்தான் விட்டுவிடுவோம். மாதம் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை வாங்குபவருக்கு முதலாளியின் சேமநிதிப் பங்கு 13 விழுக்காடு, அதற்கு மேல் வாங்குபவருக்கு 12 விழுக்காடு. அதோடு சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தா, வேலைக் காப்புறுதி, ஊழியர் பயிற்சி நிதிக்கான எச்.ஆர்.டி. கோர்ப் வரி 1 விழுக்காடு, மருத்துவம், போனஸ். நான் சம்பளத்தோடு 20 விழுக்காடு கூட்டிப் போடுகிறேன். உங்கள் மனிதவளப் பிரிவில் கேட்டு அவர்கள் சொல்லும் விகிதத்தைப் போடுங்கள்.

இளங்கலைக்குப் பாடம் நடத்த முதுகலையாவது வேண்டும். பல துறைத் தரநிலைகள் விரிவுரையாளர்களில் 60 விழுக்காட்டினராவது முழுநேரமாக இருக்க வேண்டும் என்கின்றன. ஆகவே "பகுதிநேர ஆட்களை வைத்துச் சமாளிக்கலாம்" என்று கணக்கைக் குறைத்துக் காட்ட வழியில்லை. எந்த ஆண்டில் எத்தனை பேர் என்பதைத் தரநிலையைப் பார்த்தே எழுதுங்கள்.

மறக்கிற மற்ற வரிகள்: படிப்பு தொடங்கும் முன்பே ஒருங்கிணைப்பாளருக்குக் கொடுக்கும் சம்பளம், எம்.கியூ.ஏ. விண்ணப்பக் கட்டணம், மூன்றாம் ஆண்டில் முழு அங்கீகாரத்துக்கு மறுபடியும் கட்டும் கட்டணம், வெளித் தேர்வாளருக்கான ஊதியம், மென்பொருள் உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிப்பது, மாணவர் முகவருக்கான தரகு. கணினிகளுக்கு ஐந்தாம் ஆண்டில் மாற்றுச் செலவு வரும், அதையும் எழுதுங்கள்.

எம்.பி.யு. என்னும் பொதுப் பாடங்கள் படிப்பின் மொத்த 120 கிரெடிட்டுக்கு உள்ளேயே அடங்கும். எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வில் மலாய்மொழியில் கிரெடிட் தேர்ச்சி இல்லாத மாணவருக்குத் தேசிய மொழிப் பாடம் நடத்த வேண்டும். இவற்றை வேறு பிரிவு நடத்தினாலும் செலவை யாரோ ஏற்கிறார்கள். அது எந்தத் தலைப்பில் போகிறது என்று நிதிப் பிரிவில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

6. இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

எண்கள் உதாரணத்துக்காக நான் எடுத்தவை. உங்கள் எண்களை அதே இடத்தில் வைத்தால் போதும்.

மூன்று ஆண்டுப் படிப்பு, 120 கிரெடிட், மொத்தக் கட்டணம் 54,000 வெள்ளி. கிரெடிட்டுக்கு 450, ஆண்டுக்கு 18,000. உதவித்தொகை, உடன்பிறப்புக் கழிவு, முன்பதிவுக் கழிவு எல்லாம் சேர்த்துச் சராசரி 20 விழுக்காடு போகிறது என்று வையுங்கள். கைக்கு வருவது 14,400. அதில் 25 விழுக்காட்டை மைய நிர்வாகம் எடுத்துக்கொள்ளும், அது 3,600. மிச்சம் 10,800. ஒரு மாணவருக்கான தேர்வு, ஆய்வுக்கூடச் செலவு 800. ஆக, ஒரு மாணவர் ஒரு ஆண்டில் உங்கள் படிப்புக்குத் தருவது 10,000 வெள்ளி. விளம்பரத் தாளில் இருக்கும் 18,000 எங்கே, இந்த 10,000 எங்கே! என் முதல் தாளில் 18,000ஐ வைத்துத்தான் பெருக்கியிருந்தேன்.

செலவுப் பக்கம்: ஒரு விரிவுரையாளருக்கு மாதம் 5,500, ஆண்டுக்கு 66,000, மேல் செலவு 20 விழுக்காடு சேர்த்து 79,200. முதல் ஆண்டில் மூன்று பேர், இரண்டாம் ஆண்டில் ஐந்து பேர், மூன்றாம் ஆண்டிலிருந்து ஆறு பேர். விளம்பரம் ஆண்டுக்கு 60,000, மென்பொருள் 30,000. கூட்டினால் முதல் ஆண்டு 327,600, இரண்டாம் ஆண்டு 486,000, மூன்றாம் ஆண்டு 565,200. தொடங்கும் முன்பே கணினிக் கூடத்துக்கு 150,000, ஒன்றரை ஆண்டு ஒருங்கிணைப்பாளர் சம்பளம் 118,800. அது 268,800.

ஆண்டுக்கு 30 பேர் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் 26 பேரும் மூன்றாம் ஆண்டில் 24 பேரும் மிஞ்சினால், மொத்த மாணவர் 30, 56, 80 என்று ஏறும். முதல் ஆண்டில் 27,600 நட்டம், இரண்டாம் ஆண்டில் 74,000 மிச்சம், மூன்றாம் ஆண்டில் 234,800 மிச்சம். தொடக்கத்தில் போட்ட பணமும் திரும்பி, மூன்றாம் ஆண்டு முடிவில் 12,400 கையில் நிற்கும். தாளுக்கு அழகான முடிவு.

இப்போது 18 பேர்தான் சேர்ந்தார்கள் என்று வையுங்கள். 18, 16, 14 என்று குறைந்தால் மொத்த மாணவர் 18, 34, 48. முதல் ஆண்டில் 147,600 நட்டம், இரண்டாம் ஆண்டில் 146,000, மூன்றாம் ஆண்டில் 85,200. அதன் பிறகும் ஒவ்வொரு ஆண்டும் 85,200 நட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் இந்தப் படிப்பு தன் காலில் நிற்காது.

இரண்டுக்கும் நடுவே ஒரு எண் இருக்கிறது. ஆறு விரிவுரையாளரோடு ஓட 57 மாணவர் வேண்டும். அதே விகிதத்தில் விடுபட்டால் ஆண்டுக்கு 22 பேர் சேர வேண்டும். அந்த 22தான் தாளின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய எண். 30 என்பது ஆசை. 22 என்பது, அதற்குக் கீழே போனால் என்ன செய்வது என்று எல்லாரும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டிய கோடு. உங்கள் எண்களில் அது 17ஆக வரலாம், 35ஆகவும் வரலாம். அதைக் கண்டுபிடிக்காமல் தாளைக் கொடுக்காதீர்கள்.

7. காலம்: பின்னாலிருந்து எண்ணுங்கள்

முதல் வகுப்பு எந்த மாதம் என்று எழுதிவிட்டுப் பின்னோக்கி எண்ண வேண்டும். செப்டம்பர் இன்டேக் (மாணவர் சேர்க்கை) என்றால் மே மாதத்துக்குள் விளம்பரம் வெளியே போக வேண்டும். அதற்கு முன் அமைச்சின் அனுமதிக்கு மூன்று மாதம், எம்.கியூ.ஏ. மதிப்பீட்டுக்கு ஆறு மாதம், மதிப்பீட்டாளர் கேள்விகளுக்குப் பதில் எழுதும் நேரமும் அதற்குள். அதற்கும் முன் புலக் குழு, செனட், நிர்வாக வாரியம் எல்லாம் சேர்த்து மூன்று நாலு மாதம். இது நான் திட்டம் போடும்போது வைத்துக்கொள்ளும் அளவு, கொஞ்சம் இடைவெளியும் சேர்த்து மொத்தத்தில் 18 மாதம். வேகமாக முடிந்தால் நல்லது, ஆனால் வேகமாக முடியும் என்று நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

செனட் தேதிகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே பதிவாளர் அலுவலகத்தில் வாங்கி வையுங்கள். தாளை இரண்டு மூன்று வாரம் முன்னால் கேட்பார்கள். ஒரு தேதி தவறினால் அடுத்ததற்கு இரண்டு மாதம்.

உங்கள் பவுண்டேஷன் வகுப்பு எந்த மாதம் முடிகிறது என்றும் பாருங்கள். அது டிசம்பரில் முடியும்போது நீங்கள் செப்டம்பரில் தொடங்கினால், சொந்த மாணவர்களே வேறு படிப்புக்குப் போய்விடுவார்கள்.

தாமதத்துக்கும் விலை உண்டு. செப்டம்பர் தவறி ஜனவரிக்குப் போனால், முன்கூட்டியே எடுத்த இரண்டு விரிவுரையாளருக்கு நாலு மாதச் சம்பளம் மட்டும் மேற்படி கணக்கில் 52,800 வெள்ளி. ஆகவே வேலை நியமனக் கடிதத்தில் தொடங்கும் தேதியை அனுமதிக் கடிதத்தோடு சேர்த்துக் கட்டுங்கள்.

8. அனுமதி வரும் முன் விளம்பரம் வேண்டாம்

இதைத் தனித் தலைப்பாக எழுதக் காரணம் இருக்கிறது. மிட்வேலி கல்விக் கண்காட்சி ஒன்றில் எங்கள் சாவடிக்கு ஒரு தந்தை மகளோடு வந்தார். "வரப்போகும் படிப்புகள்" என்று சந்தைப்படுத்தும் பிரிவு ஒட்டியிருந்த தாளில் என் படிப்பின் பெயர் இருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்: "சார், இதுக்கு பி.டி.பி.டி.என். கிடைக்குமா?" அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு அந்த அரசுக் கல்விக் கடன் கிடையாது. இன்னும் அனுமதி வரவில்லை என்று சொன்னேன். மகள் அந்தப் பெயரைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டாள். அன்று மாலையே அந்தத் தாளை எடுக்க வைத்தேன். அந்தப் பிள்ளை நம் பெயரை நம்பி ஆறு மாதம் காத்திருந்து, அனுமதி வராமல் போயிருந்தால் அந்த ஆறு மாதத்தை யார் திருப்பித் தருவது?

அனுமதி இல்லாத படிப்பை விளம்பரம் செய்வதும், அதற்குப் பணம் வாங்குவதும் சட்டத்துக்குப் புறம்பு. முன்பதிவுக் கட்டணம் என்ற பெயரிலும் வாங்கக்கூடாது. அனுமதி வந்த பின் அமைச்சின் அனுமதி எண்ணையும் எம்.கியூ.ஏ. எண்ணையும் எல்லா விளம்பரத்திலும் அச்சிடுங்கள். தற்காலிக அங்கீகாரத்துக்கு 'பி.ஏ.' என்றும் முழு அங்கீகாரத்துக்கு 'எஃப்.ஏ.' என்றும் வரும். விவரம் தெரிந்த பெற்றோர் இப்போது அதைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

முழு அங்கீகாரத்துக்கு முதல் அணி இறுதி ஆண்டுக்கு வந்ததும் விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் தேதியை இப்போதே தாளில் எழுதி, யார் பொறுப்பு என்றும் எழுதுங்கள். மூன்று வருடத்தில் ஒருங்கிணைப்பாளர் மாறிவிடுவார், தேதி தாளில் இருந்தால் அடுத்தவர் கண்ணில் படும்.

9. எந்தெந்த ஆவணங்கள்

எம்.கியூ.ஏ.க்குப் போவது எம்.கியூ.ஏ.-01 என்னும் தொகுப்பு. முழு அங்கீகாரத்துக்கு 02. படிப்பு வடிவமைப்பு, மதிப்பீடு, மாணவர் தேர்வும் ஆதரவும், விரிவுரையாளர், வளங்கள், நிர்வாகம், தொடர் மேம்பாடு என்று ஏழு பகுதிகளாகக் கேட்பார்கள். வணிகத் திட்டத்தை எழுதும்போதே இதையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். விரிவுரையாளர் எண்ணிக்கை ஒரு தாளில் ஆறு, இன்னொன்றில் எட்டு என்று இருந்தால் இரண்டுமே சந்தேகத்துக்கு உள்ளாகும். என் இரண்டாவது தாள் திரும்பி வந்தது இதனால்தான்.

ஒவ்வொரு பாடத்துக்கும் மாணவர் கற்றல் நேரக் கணக்கு வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரம். 3 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம் கூட்டி வர வேண்டும். விரிவுரை, பயிற்சி, சொந்தப் படிப்பு, தேர்வு எல்லாம் அதற்குள். 40 பாடங்களுக்கு இந்த அட்டவணையை ஒருவரே உட்கார்ந்து நிரப்புவது கடினம். பாடத்துக்கு ஒருவரென்று பிரித்துக்கொடுத்து, ஒரே படிவத்தைக் கொடுங்கள், கூட்டலைக் கடைசியில் நீங்கள் ஒருவரே சரிபாருங்கள்.

இணைப்புகளில் வைக்க வேண்டியவை: முதலாளிகளின் கடிதங்கள், ஒப்பீட்டு அட்டவணை, வெளி ஆலோசகரின் அறிக்கையும் அதற்கு உங்கள் பதிலும், விரிவுரையாளர் சான்றிதழ்கள், கூடத்தின் வரைபடம், புலக் குழு, செனட் கூட்டக் குறிப்புகள். கூட்டக் குறிப்பு கையெழுத்தாகி வர நாள் ஆகும். தீர்மானம் நிறைவேறிய மறுநாளே செயலாளரிடம் கேட்டு வையுங்கள்.

10. மூடும் திட்டம்

இதை எழுதச் சொன்னவரும் அந்த நிதிப் பிரிவு அக்காதான். தொடங்காத படிப்பை மூடுவதைப் பற்றி எழுதுவது அபசகுனம் மாதிரித் தோன்றியது. ஆனால் சேர்ந்த மாணவரைப் பட்டம் வாங்க வைத்துத்தான் அனுப்ப வேண்டும். அது சட்டப் பொறுப்பு என்பதற்கு முன்னால் மனிதப் பொறுப்பு. நம் வீடுகளில் பிள்ளையின் படிப்புக்காகச் சேமநிதியை எடுத்தவர்கள், நகையை வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்த 18 பேர் கணக்கையே எடுங்கள். இரண்டு இன்டேக் முடிந்ததும் நிறுத்திவிட்டோம் என்றால், மூன்றாம் ஆண்டில் 30 மாணவர், நாலாம் ஆண்டில் 14 மாணவர் மிச்சம் இருப்பார்கள். விளம்பரச் செலவு இல்லை. மூன்றாம் ஆண்டில் ஐந்து விரிவுரையாளர், நாலாம் ஆண்டில் மூன்று பேர், மென்பொருள் இரண்டு ஆண்டுக்கும். மூன்றாம் ஆண்டில் 126,000, நாலாம் ஆண்டில் 127,600 பற்றாக்குறை. மூடுவதற்கு ஆகும் செலவு 253,600 வெள்ளி. மூன்றாம் ஆண்டிலிருந்து 18 பேரோடு தொடர்ந்து நடத்தினால், ஆண்டுக்கு 85,200 வீதம் அடுத்த மூன்று ஆண்டில் வரும் நட்டமும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆகவே "சரியாக வராவிட்டால் மூடிவிடலாம்" என்பது மலிவான வழி என்று யாரும் நினைத்துக்கொண்டிருந்தால் இந்த எண் அவர்களுக்கு உதவும். தோற்ற பாடத்தைத் திரும்ப எடுப்பவர்களுக்காக இன்னொரு அரையாண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

தாளில் இப்படி எழுதினேன்: தொடர்ந்து இரண்டு ஆண்டு 22க்குக் கீழே சேர்ந்தால், மூன்றாவது இன்டேக்குக்கு முன் செனட் மறுபரிசீலனை செய்யும், நிறுத்தினால் அமைச்சுக்கும் எம்.கியூ.ஏ.க்கும் தெரிவித்து, இருக்கும் மாணவர் அனைவரும் அதே படிப்பில் முடிக்கும்வரை நடத்தும். அதற்கான 253,600 வெள்ளி ஒதுக்கப்படும்.

மூன்றாவது முறை தாளைக் கொண்டுபோனபோது அந்த அக்கா முதலில் புரட்டியது இந்தப் பக்கத்தைத்தான். இணைப்புகளுக்கு நடுவே எங்கோ இருந்ததைத் தேடி எடுத்தார். நீங்கள் வரவு செலவுப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலேயே வையுங்கள்.